புழங்குபொருள் எழுத்தும் குடும்ப நினைவும்: சிவாஜிநகர்த் தமிழரை முன்வைத்து

முன்னுரை

மக்கள் வாழ்வை அறிய உதவும் சான்றுகளுள் புழங்குபொருள்கள் சிறப்பிடம் பெறுவன. கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் அரசரையும் கோயிலையும் ஊரவையையும் பற்றிப் பேசுகின்றன. எளிய குடும்பம் ஒன்றின் பிறப்பு, திருமணம், குடிபெயர்வு ஆகியவற்றை அக்குடும்பத்தார் கையாண்ட அண்டாவும் குடமும் குத்துவிளக்குமே சுமந்து நிற்கின்றன. இப்பொருள்களின் விளிம்பிலோ கழுத்திலோ பெயர் வெட்டி வைக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் இருந்து வருவதால் இவை எழுத்தாவணங்களாகவும் அமைகின்றன.

தாய்வழியும் தந்தைவழியும் வந்த பழம்பொருள்களைச் சீர்செய்து வீட்டில் வைத்துப் போற்றும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. பரணில் கறுத்துக் கிடந்த பித்தளைப் பாத்திரம் மெருகேற்றப்பட்டுக் கூடத்திற்கு வருகிறது. பாட்டியின் அட்டிகை புதிய கல் பதிக்கப்பட்டுப் பேத்தியின் கழுத்தை அடைகிறது. இச்சீர்செய்தலால் பொருள் பொலிவு பெறுகிறது. ஆயின் அதன்மேல் இருந்த எழுத்தும் தேய்மானமும் பல வேளைகளில் மறைந்து விடுகின்றன. எனவே சீர்செய்தல் என்பது நினைவைக் காப்பதா, நினைவை அழிப்பதா என்ற வினா எழுகிறது. தமிழகத்திற்கு வெளியே, தமிழெழுத்தைப் படிக்க அறியாத தலைமுறை வளர்ந்துவரும் பெங்களூருச் சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் இவ்வினா கூடுதல் அழுத்தம் பெறுகிறது. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிவாஜிநகரும் தமிழர் குடியேற்றமும்

இன்று சிவாஜிநகர் என வழங்கும் பகுதி முன்னர் பிளாக்பள்ளி எனப்பட்டது. வெண்ணிற அரிசி விளைந்த ஊர் எனப் பொருள்படும் கன்னடத் தொடரே ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு திரிந்தது எனக் கூறுவர். சீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் படை நோய்க்கு அஞ்சி இடம்பெயர்ந்ததைத் தொடர்ந்து 1809இல் பெங்களூருவில் தண்டு நிறுவப்பட்டது. கண்டோன்மெண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் 'தண்டு' என்னும் சொல் அவ்வட்டாரத் தமிழிலும் கன்னடத்திலும் நிலைத்தது. படையோடு சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் வந்து குடியேறினர். படைவீரர், ஒப்பந்தக்காரர், வணிகர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், கொத்தர், தச்சர், பொற்கொல்லர் எனப் பல தொழிலினரும் அவருள் அடங்குவர்.

1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் தண்டுப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தொடர்ந்தது. 1947இல்தான் அது மைசூர் அரசோடு இணைந்தது. 1949இல் பேட்டைப் பகுதியும் தண்டுப் பகுதியும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. ஏறத்தாழ 140 ஆண்டுகள் தனி ஆட்சிப் பகுதியாக இருந்தமையால் தண்டின் தமிழ் வழக்கு தனக்கெனச் சில கூறுகளைப் பெற்று நிலைத்தது.

இத்தமிழ்க் குடியேற்றத்தின் தடங்கள் சிவாஜிநகரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இன்றும் காணத்தக்கன. தர்மராஜா கோயில் தெரு, மீனாட்சி கோயில் தெரு, நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு என்னும் பெயர்கள் அவற்றுள் சில. 1868இல் அட்டார கச்சேரிக் கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரரான ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைக் குழந்தைகளுக்கெனத் தண்டில் பள்ளி தொடங்கினார். 1882இல் திருநிலைப்படுத்தப்பட்ட தூய மரியன்னை ஆலயத்தில் அன்னையின் திருவுருவம் சேலை உடுத்தியே காட்சி தருகிறது. 1927இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட், அதனை அடுத்த கமர்சியல் ஸ்ட்ரீட், நகைக்கடைகளால் பெயர்பெற்ற ஜுவல்லர்ஸ் ஸ்ட்ரீட், பழைய இரும்பும் கழித்த பொருள்களும் கைமாறும் குஜரி ஆகியன இப்பகுதியின் வணிக முகங்கள். பொருள் வாங்கவும், பழுது பார்க்கவும், விற்கவும் உரிய இடங்கள் அருகருகே அமைந்த பகுதி இது. குடும்பப் பொருள் ஒன்றின் வாழ்வு முழுவதும் சில தெருக்களுக்குள்ளேயே நிகழ்ந்து முடியக்கூடிய சூழல் இங்கு உள்ளது.

பொருளில் பெயர் பொறிக்கும் மரபு

புழங்குபொருளில் உடையவர் பெயரைப் பொறிப்பது தமிழரிடையே மிகத் தொன்மையான வழக்கமாகும். கொடுமணல், அரிக்கமேடு, கீழடி முதலிய இடங்களில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற ஆட்பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அரசர்க்குரிய செய்தி எதுவும் இவ்வோடுகளில் இல்லை. பானையை வைத்திருந்தவரின் பெயரே எழுதப்பட்டுள்ளது.

இவ்வழக்கம் தமிழர் சென்ற இடங்களுக்கும் உடன் சென்றது. எகிப்தின் செங்கடற்கரைத் துறைமுகமான குசேர் அல் காதிமில் 'கண்ணன்', 'சாதன்' என்னும் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் கிடைத்த சிறிய உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழியில் பொறிக்கப்பட்டுள்ளது. பொற்கொல்லரைக் குறிக்கும் 'பத்தர்' என்னும் வழக்குச் சொல்லோடு இதனை ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். பொன்னை உரைத்துப் பார்த்த கைவினைஞர் ஒருவர் அயல்நாட்டில் தம் கருவியின்மீது தம் பெயரைப் பொறித்து வைத்தார் என்பது இதனால் புலனாகிறது.

நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியையும் இங்குக் கருதலாம். 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்னும் சமயப் பணியாளர் அதனைக் கண்டபோது மாவோரி மக்கள் அதனைக் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்பதை அதன் விளிம்பில் உள்ள தமிழெழுத்துகள் அறிவிக்கின்றன. இன்று அது வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. மணி உடைந்து கலமாக மாறிய பின்னரும் உடையவர் பெயர் நிலைத்ததற்கு எழுத்து தேயாமல் இருந்ததே காரணம்.

கோயில் வழக்கிலும் இம்மரபைக் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாம் கொடுத்தனவற்றையும், தமக்கையார் கொடுத்தனவற்றையும், தேவியர் கொடுத்தனவற்றையும், பிறர் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அணிகலன் ஒவ்வொன்றின் நிறையும், அதில் பதித்த முத்து, மணி ஆகியவற்றின் எண்ணிக்கையும் அங்குப் பதிவாயின. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல் பயன்பட்டது. அந்த அணிகலன்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை. எழுத்து எஞ்சியமையால் அவை இருந்தன என்பதும், கொடுத்தவர் இன்னார் என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தெரிகின்றன.

பாத்திர எழுத்தின் அமைப்பு

பாத்திரக் கடையில் பொருள் வாங்கும்போதே பெயர் வெட்டித் தரும் வழக்கம் உண்டு. சிற்றுளியின் முனையைப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தை உருவாக்குவது பழைய முறை. பிற்காலத்தில் மின்விசையால் அதிரும் ஊசி இவ்வேலையைச் செய்யத் தொடங்கியது. புள்ளிகளால் அமைந்த எழுத்து சற்று ஆழமாகவும், மின்னூசியால் கீறிய எழுத்து மேலோட்டமாகவும் இருப்பது இயல்பு.

இவ்வெழுத்துகளிலிருந்து பெறத்தக்க செய்திகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, உறவும் ஊரும். தமிழர் பெயரின் முன் வரும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும். இரண்டு தலைப்பெழுத்துகள் இருப்பின் முதலெழுத்து ஊரைக் குறிப்பதும் உண்டு. குடிபெயர்ந்து சில தலைமுறை கழிந்த குடும்பத்தில் பூர்விக ஊரின் பெயர் மறந்துபோயிருக்கும். அந்நிலையில் ஓர் அண்டாவின் கழுத்தில் உள்ள ஒற்றை எழுத்து அவ்வூரைத் தேடுவதற்குத் தொடக்கமாக அமையக்கூடும்.

இரண்டாவது, நிகழ்வு. திருமணச் சீர், காதணி விழா, பூப்பு நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுதல் எனக் குடும்ப நிகழ்வுகள் பலவற்றில் பாத்திரம் அன்பளிப்பாக வழங்கப்படுகிறது. அவற்றுள் கொடுத்தவர் பெயரும் நாளும் வெட்டப்படுவது உண்டு. தாய்மாமன் முறை, சம்பந்தி முறை போன்ற உறவுகள் இதனால் பதிவாகின்றன. ஒரு வீட்டுப் பாத்திரங்களை ஒருங்கே வைத்துப் படித்தால் அக்குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினை வலை புலப்படும்.

மூன்றாவது, பெண்கள் பெயர். நிலப் பத்திரம், வீட்டு வரிச்சீட்டு, கணக்கேடு ஆகியவற்றில் முந்தைய தலைமுறைப் பெண்களின் பெயர் அரிதாகவே இடம்பெற்றது. சீராக வந்த பாத்திரத்தில் மணமகளின் பெயர் வெட்டப்பட்டது. அப்பெண்ணுக்குரிய உடைமை எனக் காட்டும் அடையாளமாக அது விளங்கியது. கொள்ளுப்பாட்டியின் பெயர் என்னவென்று வீட்டில் யாரும் அறியாத நிலையிலும் பால்செம்பு ஒன்று அதனை அறிந்திருக்க வாய்ப்பு உண்டு. பெண்கள் வரலாற்றை எழுதுவோர் இவ்வகைச் சான்றைப் புறக்கணித்தல் இயலாது.

நான்காவது, காலம். ஆண்டு குறிக்கப்படாத பாத்திரத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாறின. அண்ணாமலை என்னும் பெயரில் 'லை' துதிக்கை போன்ற பழைய கொம்புடன் வெட்டப்பட்டிருப்பின் அது பெரும்பாலும் சீர்திருத்தத்திற்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். பழகிய கையால் வெட்டுவோர் பழைய வடிவத்தைப் பின்னரும் தொடர்ந்திருக்கக்கூடும். அதிலும் கர்நாடகத்தில் தமிழ்நாட்டரசின் ஆணை நேரே செல்லாது. ஆதலால் இக்கணிப்பைப் பிற சான்றோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும். சேர், பலம், தோலா என்னும் அளவைகளில் எடை குறிக்கப்பட்டிருப்பின் அதுவும் உதவும். மெட்ரிக் அளவை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்து 1960களின் தொடக்கத்தில் நாடெங்கும் நடைமுறையானது.

பொருள்கள் கைவிட்டுப் போன காலங்கள்

குடும்பப் பொருள்கள் வழிவழியாக வந்து சேர்வதற்கு இடையூறாக அமைந்த காலங்கள் பல. அவற்றை அறியாமல் எஞ்சிய பொருளின் அருமையை உணர முடியாது.

1898இல் பெங்களூருவைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகள் மிகுந்த தண்டுப் பகுதியும் பெரிதும் பாதிக்கப்பட்டது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. 1910இல் தோன்றிய பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. நோய்க்காலத்தில் துணியும் பாயும் மரப்பொருளும் எரிக்கப்படுவது அக்கால வழக்கம். தீயில் இட்டுத் தூய்மை செய்யத்தக்க உலோகப் பொருளே தப்பக்கூடியது. இருபதாம் நூற்றாண்டிற்கு முற்பட்ட குடும்பச் சான்றுகளைத் தேடும்போது உலோகப் பாத்திரங்களுக்கு முதன்மை தரவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வது தடைசெய்யப்பட்டது. நாடெங்கும் பொற்கொல்லர் பலர் வாழ்விழந்தனர். தற்கொலைகளும் நிகழ்ந்தன. 1966இல் அத்தடை தளர்த்தப்பட்டபோதும், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் கட்டுப்பாடுகள் தொடர்ந்து 1990இல்தான் முற்றிலும் நீங்கின. தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடம் மகன் கற்ற தொழில் இடையறவு பட்டது. பழைய நகையைப் பழைய முறையில் சீர்செய்யத் தெரிந்த கைகள் குறைந்தமைக்கு இக்கால்நூற்றாண்டு பெருங்காரணமாகும்.

அதே காலத்தில் எவர்சில்வர் சமையலறைக்குள் நுழைந்தது. புளியிட்டுத் துலக்கவும் ஈயம் பூசவும் வேண்டாத பாத்திரம் பெண்களின் உழைப்பைக் குறைத்தது. அதனை வரவேற்றவர்களைக் குறைகூற இயலாது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் பெறும் வழக்கம் பரவியது. அவ்வாறு சென்ற பாத்திரத்தோடு அதில் வெட்டியிருந்த பெயரும் உலைக்குச் சென்றது.

1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டிப் பெங்களூருவில் தமிழர்க்கு எதிராக வன்முறை மூண்டது. பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அவசரத்தில் வெளியேறுவோர் எடுத்துச் செல்வது பணமும் சிறு நகையுமே. கனத்த அண்டாவும் விளக்கும் எடுத்துச் செல்லத்தக்கன அல்ல.

தங்க நகைக்கு 2021 சூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. வாங்குவோர்க்கு இது நன்மை தருவதே. வீட்டில் உள்ள பழைய நகைக்கு முத்திரை கட்டாயம் இல்லை. எனினும் முத்திரையற்றது மதிப்புக் குறைந்தது என்னும் எண்ணத்தால் பழைய நகையை உருக்கிப் புதியதாக்கும் போக்கு ஊக்கம் பெறுகிறது.

சீர்செய்யும் தொழிலும் அதன் விளைவும்

சீர்செய்தல் என்னும் ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு வினைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவது முதல் வினை. புளியும் புளிப்புப் பண்டமும் உலோகத்தோடு வினைபட்டுக் களிம்பு உண்டாவதைத் தடுக்கவே இப்பூச்சு. பாத்திரத்தை நெருப்பில் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் அல்லது பஞ்சால் பரப்புவர். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தை நீக்கி ஈயம் பற்றுமாறு செய்யும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதால் எளிய உலையே இதற்குப் போதும். காரீயம் கலந்த மலிவான பூச்சு நஞ்சாகும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இத்தொழிலைத் தண்டுத் தமிழர் 'கலாய் பூசுதல்' என்பர். கலாய் என்பது உருதுவழி வந்த சொல். வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய 'கலயீ' அதன் மூலம். மலாய்த் தீபகற்பத்தில் இருந்த 'கலா' என்னும் துறைமுகத்தின் பெயரோடு அச்சொல்லை அறிஞர் தொடர்புபடுத்துவர். அத்துறைமுகத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரத்தோடு இணைத்துக் காண்பாரும் உளர். உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அடுத்தடுத்து வாழும் சிவாஜிநகரில் ஒரு தமிழ் வீட்டின் குடும்பப் பாத்திரம் உருதுச் சொல்லோடு புத்துயிர் பெறுவது இப்பகுதியின் இயல்புக்குப் பொருந்துவதாகும். கலாய் உட்புறத்தில் பூசப்படுவது. வெளிப்புறத்து எழுத்தை அது தீண்டுவதில்லை. பொருளைப் புழக்கத்திற்கு உரியதாக்கி, நினைவையும் காக்கும் சீர்செய்தல் இது.

மெருகேற்றல் இரண்டாம் வினை. சுழலும் சக்கரத்தில் துணியும் தேய்ப்புப் பசையும் கொண்டு பாத்திரத்தின் வெளிப்பரப்பைத் தேய்ப்பர். சில இடங்களில் அதற்குமுன் அமிலத்தில் தோய்ப்பதும் உண்டு. கறுப்பு நீங்கிப் பொருள் பொன்போல் ஒளிர்கிறது. அவ்வொளி உலோகத்தின் மேற்படலத்தை நீக்கியே பெறப்படுகிறது. மேலோட்டமாகக் கீறிய எழுத்து ஒரே மெருகில் மங்கிவிடும். ஆழமான புள்ளி எழுத்தும் அடுத்தடுத்த மெருகில் தேயும்.

மூன்றாவது, நகைச் சீர்செய்தல். அறுந்த கண்ணியைப் பற்றாசு வைத்து வெங்காரம் இட்டு ஊதுகுழலால் பற்றவைத்தல், தளர்ந்த கல்லை இறுக்குதல், உள்ளீடாகிய அரக்கை மாற்றுதல், முத்தும் பவளமும் புதிய நூலில் கோத்தல் ஆகியன பொருளின் உருவைக் காப்பன. உருக்கி வேறு நகை செய்வதும் பேச்சு வழக்கில் 'அழிச்சுப் பண்ணுதல்' என்றே வழங்கப்படுகிறது. செயலின் தன்மையை அச்சொல் மறைக்கவில்லை.

இலக்கியம் காட்டும் மதிப்பீடு

மெருகுக்கும் பழுதுக்கும் இடையே எது வரலாற்றைச் சுமக்கிறது என்ற வினாவைச் சங்க இலக்கியம் எழுப்பியுள்ளது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் காணும் புறநானூற்று 95ஆம் பாட்டு அதற்குச் சான்று. தொண்டைமானின் வேல்கள் நெய் பூசப்பட்டுப் பீலி அணிந்து மாலை சூட்டப்பெற்று ஒளிர்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. மேலோட்டமாக நோக்கின் முன்னது புகழ்ச்சி, பின்னது இகழ்ச்சி. உண்மையில் பழுதே பயன்பாட்டின் சான்று, ஒளி பயன்படாமையின் சான்று என்பது பாட்டின் உட்கிடை. ஒரு குடத்தின் நசுங்கலும் ஒரு விளக்கின் எண்ணெய்க் கறையும் இவ்வாறே அது புழங்கிய வாழ்வின் சான்றுகளாகும்.

சிலப்பதிகாரம் வேறொரு கோணத்தைத் தருகிறது. கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் வேறுபாடு தோன்றாதவை. பொற்கொல்லனின் பொய் நிலைத்ததற்கு அவ்வொப்புமையே இடமளித்தது. ஒன்றன் உள்ளே மாணிக்கமும் மற்றதன் உள்ளே முத்தும் இருந்ததே உண்மையை வெளிப்படுத்தியது. உடையவர் அறிந்திருந்த அந்த ஒரு செய்தி இல்லையேல் சிலம்பு எவருடையது என்பது நிறுவப்பட்டிராது. குடும்பப் பொருளின் அடையாளம் அதன் தோற்றத்தைவிட அதனைப் பற்றிய அறிவையே சார்ந்துள்ளது என்பதற்கு இக்காப்பியம் தக்க சான்று.

படிக்க இயலாத எழுத்து

சிவாஜிநகர்த் தமிழரைப் பொறுத்தவரை தேய்மானத்தைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. எழுத்து தெளிவாக இருந்தும் அதனைப் படிப்பார் இல்லாமற் போதல் அது. கோகாக் குழுவின் 1981ஆம் ஆண்டு அறிக்கையும் அதனைத் தொடர்ந்த கன்னட மொழிப் போராட்டமும் கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்திற்கு முதன்மை தேடித் தந்தன. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது குடிமக்களின் கடமையும் தேவையும் ஆகும். அதனோடு ஆங்கிலவழிக் கல்வியின் ஈர்ப்பும் சேர்ந்தபோது தமிழ் வீட்டில் பேசும் மொழியாகச் சுருங்கியது. தமிழைச் சரளமாகப் பேசி, கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் மட்டும் படிக்கும் இளைஞர் பலர் உருவாயினர். 1950இல் தொடங்கப்பட்ட பெங்களூருத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் தமிழ் கற்பிக்க முயன்று வருவது இந்நிலையினாலேயே ஆகும்.

இவ்விளைஞர்க்குப் பாட்டியின் குடத்திலுள்ள எழுத்து பூவேலைப்பாடு போன்றதே. அதனைப் பொருளற்ற கீறல் எனக் கருதி மெருகிடக் கொடுப்பதில் அவர்க்குத் தயக்கம் தோன்ற வாய்ப்பில்லை. பாத்திரம் வீட்டில் இருக்கும். பெயர் வீட்டை விட்டு நீங்கும்.

ஓலைச்சுவடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே நிலையில் இருந்தன. வீட்டுப் பரணில் பரம்பரைச் சொத்தாகக் கிடந்த ஏடுகளைப் படிக்கத் தெரியாதோர் ஆற்றில் விட்டனர், நெருப்பில் இட்டனர். உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடித் தொகுத்துச் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். சுவடியைச் சீர்செய்யும் முறை இங்குக் கருதத்தக்கது. ஏட்டைத் துடைத்து எண்ணெய் பூசி, எழுத்தின் பள்ளத்தில் மை தடவி, எழுத்து கண்ணுக்குத் தெரியுமாறு செய்வர். ஏடு மேலும் நொறுங்குமாயின் புதிய ஏட்டில் படியெடுப்பர். இவை யாவும் எழுத்தைப் படிக்கச் செய்வதற்கே. ஏட்டைப் புதியதுபோல் ஆக்குவதற்காக எழுத்தைச் சுரண்டியவர் எவரும் இலர்.

நினைவுச் சின்னங்களைப் பேணுவது குறித்து 1964இல் உருவான வெனிசு சாசனமும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும், பல்வேறு காலங்களில் சேர்ந்த கூறுகளை மதிக்க வேண்டும் என்பதும் அதன் கொள்கைகள். பெருங்கட்டடங்களுக்கு வகுத்த இந்நெறி ஒரு சிறு செம்புக்கும் பொருந்தும்.

பாத்திரத்தைச் சுவடியாகக் கருதினால் செய்யவேண்டியவை தெளிவாகும். மெருகிடுவதற்குமுன் எழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படியெடுக்கலாம். ஒளியைப் பக்கவாட்டில் விழச்செய்து நிழற்படம் எடுத்தால் மங்கிய புள்ளிகளும் தெரியும். எழுத்துள்ள பகுதியை விடுத்துப் பிற பகுதியை மட்டும் துலக்குமாறு தொழிலாளரிடம் கூறலாம். நகையை உருக்கியே தீரவேண்டிய நிலை வந்தால் அதன் உருவம், நிறை, கல், அணிந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். பெரிய கோயிலில் இராசராசன் செய்தது இதுவே. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. எழுத்தைப் படித்துச் சொல்லும் முதியவர் உடனிருத்தல் மட்டுமே இன்றியமையாதது; அவ்வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன அறியப்படுகின்றன.

1. புழங்குபொருளில் பெயர் பொறிக்கும் வழக்கம் தமிழி எழுத்துப் பானையோடுகள் தொட்டு வருவது. குடிபெயர்ந்த தமிழரும் இவ்வழக்கத்தை உடன்கொண்டு சென்றனர்.

2. பாத்திர எழுத்துகள் உறவு, பூர்விக ஊர், குடும்ப நிகழ்வு, காலம் ஆகியவற்றை அறிய உதவுகின்றன. ஆவணங்களில் இடம்பெறாத பெண்களின் பெயர்களைக் காத்திருப்பது இவற்றின் தனிச்சிறப்பு.

3. கொள்ளைநோய், தங்கக் கட்டுப்பாடு, எவர்சில்வர் வரவு, 1991ஆம் ஆண்டு வன்முறை எனப் பல இடையூறுகளைக் கடந்தே எஞ்சிய பொருள்கள் வந்து சேர்ந்துள்ளன.

4. ஈயம் பூசுதலும் பற்றவைத்தலும் பொருளோடு நினைவையும் காப்பன. மெருகேற்றலும் உருக்குதலும் முன்கூட்டிப் பதிவு செய்யாவிடின் நினைவை அழிப்பன.

5. தமிழெழுத்து அறியாத தலைமுறையின் கையில் உள்ள பொருளுக்கு முதன்மையாக வேண்டிய சீர்செய்தல், அதிலுள்ள எழுத்தைப் படித்துப் பதிவு செய்தலே ஆகும்.

ஊர்தோறும் கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தொகுத்த முயற்சிகளால் தமிழக வரலாறு எழுதப்பட்டது. சிவாஜிநகர், அல்சூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பாத்திர எழுத்துகளும் அவ்வாறு தொகுக்கப்பட வேண்டும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இது தக்க களப்பணியாகும். அத்தொகுப்பு உருவாகுமாயின் இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தண்டுத் தமிழரின் வரலாற்றை அவர்தம் வீட்டுச் சமையலறையிலிருந்தே எழுத இயலும்.